மகன் ஊர் ஷெரிஃப்

டெக்சாஸில் குடியுரிமை பெற்ற என் மகன், 2024 தேர்தலுக்கு முன் ஒரு நாள், காரைக்குடி வீட்டு முகப்பில் அமர்ந்திருந்த என்னிடம் தொலைபேசியில், "அப்பச்சி, ஷெரிஃபுக்கும் ஓட்டுப் போடணும்" என்றான். ஷெரிஃப் என்பவர், கவுண்டி எனப்படும் அங்குள்ள மாவட்டத்தின் காவல் தலைவர். நம் சிவகங்கை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரை மாநில அரசு நியமிக்கிறது. டெக்சாஸின் 254 கவுண்டிகளிலோ, அதிபர் தேர்தல் நாளிலேயே, கட்சி வேட்பாளராக நிற்கும் ஷெரிஃபை 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள்.

நகரக் காவல்துறைத் தலைவர் வேறு. அவர் பெரும்பாலும் நியமிக்கப்படுபவர். கவுண்டிச் சிறையை நடத்துவதும், நீதிமன்ற ஆணைகளைச் சேர்ப்பிப்பதும், நகர எல்லைக்கு வெளியே ரோந்து செல்வதும் ஷெரிஃபின் வேலைகள் என்பதால், குற்றத்தை ஒழிப்பேன் என்ற முழக்கத்தைவிட, ஜாமீன் கட்ட வழியின்றி விசாரணைக்காகச் சிறையில் காத்திருப்போரை அவர் எப்படி நடத்துவார் என்பதையே வாக்காளர் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். இந்த வேலைகளுக்குப் பணத்தை ஒதுக்குவது கவுண்டி கமிஷனர்கள் மன்றம் (கணக்குப் பார்த்தே வளர்ந்த எனக்கு இதுதான் முதலில் உறைத்தது). ஆகவே அந்தக் கமிஷனர்களுக்குப் போடும் வாக்கும் சிறியதன்று.

ஒரே கட்சி ஓங்கிய கவுண்டிகளில், கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் மார்ச் மாத உட்கட்சித் தேர்தலே பெரும்பாலும் முடிவைச் சொல்லிவிடுகிறது. மகன் அதைத் தவறவிட்டிருந்தான்.