ரத்தம் காணாது

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இரத்தச்சோகை என்று சொல்வதில்லை. "ரத்தம் காணாதாம்", அதாவது போதாதாம், என்பார்கள். சுகாதாரம் படிக்கும் பிள்ளைகள் இதை ஓர் எண்ணாக மனப்பாடம் செய்துகொண்டு எங்களிடம் களப்பயிற்சிக்கு வருகிறார்கள்: கர்ப்பிணிக்கு முதல், கடைசி மும்மாதங்களில் ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 11 கிராமுக்குக் கீழே இறங்கினால் சோகை. நுவரெலியாவில் அந்த எண்ணே ஆட்டம் காண்கிறது.

காரணம் உயரம். மேலே போகப் போக ஒட்சிசன் அழுத்தம் குறையும். அதை ஈடுகட்ட உடம்பு செங்குருதிக் கலங்களைக் கூட்டிக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டல்படி, 1500 முதல் 1999 மீற்றர் வரையான உயரத்தில் வாழ்பவர்களின் அளவிலிருந்து 1.1 கிராமைக் கழித்தே பார்க்கவேண்டும். நுவரெலியா இந்த உயரத்தில்தான் இருக்கிறது. அதைவிடத் தாழ்ந்த ஹட்டன் பக்கம் கழிப்பது 0.8. ஆக, அந்த மும்மாதங்களில் நுவரெலியாவில் 11.8 காட்டும் தாயை 'நோர்மல்' என்று அனுப்பினால், உண்மையில் 10.7 உள்ளவரைத்தான் வீட்டுக்கு அனுப்புகிறோம்.

குளிர் இதற்கு நேர்மாறான பிழையைச் செய்யும். மழையில் கொழுந்து எடுத்துவிட்டு, இடுப்பில் சுற்றும் படங்குச் சீலையைக் கழற்றிப் போட்டு நேரே வருபவரின் கை சில்லிட்டிருக்கும். சோதனைக்கு விரலில் குத்தினால் ரத்தம் வராது. மாணவர்கள் உடனே விரலைப் பிழிவார்கள். இழையங்களில் உள்ள நீர் கலந்து ரத்தம் நீர்த்துப்போகும், எண் பொய்யாக இறங்கும். இளஞ்சூட்டுத் தண்ணீர்க் கோப்பையைச் சில நிமிடம் பிடிக்கக் கொடுங்கள். நடுவிரலிலோ மோதிர விரலிலோ நுனியின் ஓரமாகக் குத்துங்கள். ஸ்பிரிட் காய்ந்தபிறகுதான் குத்தவேண்டும். முதல் துளியைத் துடைத்துவிடுங்கள்.

எண் சரியாக வந்தாலும் ரத்தம் ஊறிவிடாது. இரும்புச்சத்து மாத்திரையைப் பலர் ரொட்டியோடு குடிக்கும் சாயத்தண்ணியிலேயே (பால் சேர்க்காத தேநீர்) விழுங்குகிறார்கள். தேயிலையின் பொலிபீனோல்கள் இரும்பைப் பிடித்து, குடல் அதை உறிஞ்சவிடாமல் செய்யும். சாயத்தண்ணிக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கல்சியம் மாத்திரையையும் வேறு வேளைக்குத் தள்ளவேண்டும். மலம் கறுப்பாகப் போகும் என்பதை மாத்திரை கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் பயந்துபோய் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு 'ஒத்துழைக்காத தாய்' என்று எழுதுவது, எங்களைக் கேட்டால், அநியாயம்.

மலசலகூடம் ஒழுங்காக இல்லாத லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வெறுங்காலோடு நடப்பவருக்குக் கொக்கிப்புழு இருக்கலாம். அதன் குடம்பி (இளம்புழு) பாதத்தோலைத் துளைத்து ஏறி, கடைசியில் சிறுகுடலில் தங்கி ரத்தம் குடிக்கும். முதல் மூன்று மாதம் கழிந்ததும் புழு மருந்து கொடுக்கலாம். மலசலகூடத்தைக் கிளினிக்கில் கொடுக்க முடியாது.

சுகாதாரம் என்றால் என்ன என்று பரீட்சையில் கேட்டால், 1948 முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் வரைவிலக்கணத்தை எழுதுவார்கள்: உடல், உள, சமூக ரீதியான முழுமையான நல்வாழ்வு. அந்த 'முழுமையான' என்ற சொல்லை வைத்துப் பார்த்தால் உலகத்தில் சுகதேகி ஒருவரும் மிஞ்சமாட்டார். 'சமூக' என்பதற்கு லயத்தில் இன்னும் திட்டமான பொருள் உண்டு. கிளினிக்கில் நேரம் போனால் நிறுவைக்குக் கொழுந்து காணாது, அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். அடுத்த மாதம் அவர் வராமல் போவதற்கு அதுவே போதும்.

அதனால் ஈமோகுளோபின் எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று விஷயங்களைப் பென்சிலால் குறிக்கச் சொல்கிறோம்: சாயத்தண்ணி எத்தனை மணிக்கு, காலில் செருப்பு உண்டா, இன்றைக்குப் பேர் விழுமா. படிவத்தில் இவற்றுக்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் இடம் இருக்கிறது.