மெனோர்காவில் ஒரு பழைய யாவுட் தேடி

2024 ஜனவரி 14, மஹோன்

இந்த வருஷம் படகு வாங்குவது என்று முடிவாகிவிட்டது. வேண்டியது யாவுட். மெனோர்காவும் சேர்ந்த, ஸ்பெயினின் பலேயாரிக் தீவுகளின் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த படகு இது. அணியமும் (முன்முனை) பின்முனையும் இரண்டுமே கூர்மை, வயிறு அகலம். அந்தக் காலத்தில் முக்கோணப் பாய், இப்போது உள்ளே டீசல் எஞ்சின். பின்முனை கூராக இருப்பதால் பின்னாலிருந்து துரத்தி வரும் அலை படகை உதைக்காமல் இரண்டாகப் பிரிந்து போய்விடும்.

சொன்னவுடன் எல்லோரும் கேட்பது வேகம். நீரைத் தொடும் நீளம் 7 மீட்டர் இருந்தால் சுமார் 6.4 நாட், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டர். இதற்கு மேல் போக நினைத்தால் படகு தானே எழுப்பும் அலையில் ஏற முடியாமல் திணறும். குதிரைத்திறனைக் கூட்டினால் டீசல்தான் தீரும். எனக்கு இந்த வேகம் போதும். கரையைப் பார்த்துக்கொண்டே போகத்தானே படகு.

2024 பிப்ரவரி 4, ஃபோர்னெல்ஸ்

மரப்படகு ஒன்றைப் பார்த்தோம். பைன் பலகை, காட்டு ஒலிவ மர வங்குகள் (பலகைகளைத் தாங்கும் விலா போன்ற வளைந்த சட்டங்கள்). வளைந்து வளர்ந்த கிளையைத் தேடிப்பிடித்து வெட்டி வங்காக்கியிருக்கிறார்கள். கையை எடுக்க மனமே வரவில்லை.

கூட வந்த ஓடாவி, அதாவது மரப்படகு கட்டும் தச்சர், வெளிப்படையாகப் பேசினார். வருஷா வருஷம் கரையேற்ற வேண்டும், பலகை இடுக்குகளை அடைக்க வேண்டும், வண்ணம் பூச வேண்டும். இந்த வேலை தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். மீன்பிடிப் படகுகளைக் குறைக்க ஐரோப்பிய ஒன்றியம் மானியம் கொடுத்தபோது, மத்தியதரைக் கடல் முழுக்க நல்ல மரப்படகுகள் பல உடைத்து நொறுக்கப்பட்டன. மிச்சமிருப்பது நேரம் கொடுக்கக்கூடியவர் கைக்குப் போக வேண்டும். வார இறுதியில் மட்டும் வரும் நாங்கள் அதற்குத் தகுந்தவர்கள் இல்லை. ஃபைபர் (கண்ணாடியிழை) படகு என்று தீர்மானித்தோம்.

2024 மார்ச் 9, மஹோன்

2003-இல் கட்டிய ஃபைபர் யாவுட், நீளம் 7.8 மீட்டர். என்னுடைய பி.என்.பி. உரிமம் (ஸ்பெயினின் அடிப்படைப் படகோட்டி உரிமம்) 8 மீட்டர் நீளப் படகு வரைதான், துறைமுகம் போன்ற புகலிடத்திலிருந்து 5 கடல்மைல் வரை போகலாம், அதனால் அளவு சரி.

போனதும் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்துதான் இருந்தது. போன மாதம் இன்னொரு படகைப் பார்க்கப் போனபோது, நாங்கள் வருவதற்கு முன்பே எஞ்சினை ஓடவிட்டு வைத்திருந்தார்கள். அப்போதே திரும்பிவிட்டோம். டீசல் எஞ்சினின் நோய் குளிரில் ஸ்டார்ட் செய்யும்போதுதான் தெரியும். இது ஒரே முயற்சியில் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து, சூடேறியதும் அடங்கியது. நீலப் புகை இல்லை, அதனால் எண்ணெய் எரியவில்லை. கடலில் முழு வேகம் கொடுத்தபோது கையேட்டில் சொன்ன சுழற்சியை எட்டியது, கரும்புகையும் இல்லை.

அப்புறம் கிரேனில் தூக்கினார்கள். படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயர் அடிப்பகுதி முழுவதையும் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்திலும் சத்தம் மந்தமாகவில்லை, அதாவது உள்ளே அடுக்குகள் பிரிந்த அறிகுறி இல்லை. ஈரமானியில் சில இடங்களில் எண் ஏறியது, ஜெல்கோட்டில் (ஃபைபரின் மேற்பூச்சு) சிறு கொப்புளங்களும் இருந்தன. ஆஸ்மாசிஸ், அதாவது ஃபைபருக்குள் நீர் ஊறி வரும் கொப்புளம். இதனால் படகு மூழ்காது, ஆனால் விலை பேச உதவும்.

என்னைக் கவலைப்பட வைத்தது நீர்மட்டத்துக்குக் கீழே, படகின் உடலில் உள்ள துளைகளை மூடித் திறக்கும் வால்வுகள். கத்தியால் சுரண்டியபோது இரண்டில் பித்தளை இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. உப்புநீரில் துத்தநாகம் அரித்துப் போய்ச் செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். ஒருநாள் கைப்பிடியைத் திருப்பும்போது அப்படியே கையோடு வந்துவிடும், துளை வழியாகக் கடல் உள்ளே வரும். பழைய படகு பார்க்கப் போகிறவர்கள் மெத்தை, ஸ்பீக்கர் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் தரைப்பலகையைத் தூக்கி ஒவ்வொரு வால்வையும் பாருங்கள். தயவுசெய்து இதைத் தவறவிடாதீர்கள்.

2024 மார்ச் 20

காகித வேலை. படகின் மேல் கடனோ முடக்கமோ இல்லை என்று பதிவேட்டிலிருந்து சான்று வாங்கினோம். ஏழாவது பட்டியலில், சொந்த உபயோகப் படகாகப் பதிவாகியிருக்கிறது. தொழில்நுட்பச் சோதனையும் காலாவதியாகவில்லை. "நிறுத்த இடமும் சேர்த்து" என்று வரும் விளம்பரங்களை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. பொதுத் துறைமுகத்தில் இடம் என்பது ஆளுக்குக் கிடைக்கும் அனுமதி. படகு கைமாறினால் அது கூடவே வராது, காத்திருப்போர் பட்டியலும் நீளம். எங்களுக்கு ஒரு தனியார் துறைமுகத்தில் வருடாந்திர வாடகைக்கு இடம் கிடைத்த பிறகுதான் முன்பணம் கொடுத்தோம்.

2024 ஏப்ரல் 6

வால்வுகளையும் கொப்புளங்களையும் காட்டி விலை பேசினோம். விற்பவர் நல்ல மனிதர், சர்வே அறிக்கையை வரி வரியாகப் படித்துவிட்டுக் குறைத்துக்கொடுத்தார். கையெழுத்தாகிவிட்டது. வரி கட்டியதும் கடல்சார் அலுவலகத்தில் பெயர் மாறும்.

படகு இன்னும் கரையில்தான். அரித்த இரண்டு வால்வுகளோடு நிறுத்தாமல், எல்லா வால்வுகளையும் வெண்கலத்தில் மாற்றுகிறோம். மற்ற உலோகப் பாகங்களுக்குப் பதிலாகத் தாம் அரிந்துபோகும் துத்தநாகக் கட்டிகளும் புதிது. நங்கூரத்துக்குக் கூடுதல் சங்கிலி வாங்கியிருக்கிறேன். 2018-இலிருந்து பலேயாரிக்கில் பொசிடோனியா கடற்புல்லின் மேல் நங்கூரம் போடுவதற்குச் சட்டப்படி தடை. அந்தப் புல் மிக மெதுவாக வளரும், ஒருமுறை பெயர்த்தால் அவ்வளவு எளிதில் திரும்பி வராது. வெள்ளை மணல் தெரிகிற இடமாகப் பார்த்துத்தான் இறக்க வேண்டும், அது கொஞ்சம் ஆழத்தில் இருந்தாலும் பரவாயில்லை. திங்கட்கிழமை மெக்கானிக் வருகிறார், புரொப்பல்லர் தண்டு வழியாகக் கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கும் அடைப்பை இறுக்கிப் பார்க்க.