ஒன்பது எண்ணூறு

ஜூன் 3, செவ்வாய்

பாப்பா எடை 9.8 கிலோ. போன மாதமும் 9.8. அங்கன்வாடி டீச்சர் வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துவிட்டு, "பச்சையிலதான் இருக்கு, பயப்படாதீங்க" என்றார். பச்சைதான். ஆனால் ஏறாத பச்சை.

ஜூன் 4

காலை இட்லி அரை. மதியம் பருப்பு சாதம் ஏழு வாய். எட்டாவதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு முக்கால் மணி நேரம். இரவு ஒன்றுமில்லை. பால் மூன்று பாட்டில்.

ஜூன் 6

நாகர்கோவிலிலிருந்து அத்தை வந்தாயிற்று. பையைக் கீழே வைக்கும் முன்பே, "என்ன மக்ளே, பிள்ளை இப்படி எலும்பும் தோலுமா கெடக்கு?" பைக்குள் இரண்டு கிலோ ஏத்தங்காய் (நேந்திரங்காய்) மாவு.

ஜூன் 7

போனைக் காட்டினால் வாய் தானாகத் திறக்கிறது. யானை ஆடும்போது ஒரு வாய், குரங்கு வரும்போது ஒரு வாய். பதினெட்டு வாய் இறங்கிற்று. சோறு என்ன நிறம் என்றுகூட அவள் பார்க்கவில்லை. பத்தொன்பதாவதில் மொத்தமும் என் மடியில்.

ஜூன் 8

கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை.

ஜூன் 10

டாக்டர் என் வாய்க்கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். பிறந்தபோது 2.7, ஒரு வயதில் மூன்று மடங்கு, 8.1. "அதே வேகத்துல போனா காலேஜ் போறப்ப என்ன ஆகும்னு யோசிங்க" என்றார். ஒரு வயதுக்குப் பிறகு பசி தானாகக் குறையுமாம். இரண்டாவது வருடம் முழுக்க இரண்டு, இரண்டரை கிலோ ஏறினால் போதுமாம். இவள் தன் வளர்ச்சிக் கோட்டிலேயேதான் போகிறாளாம். திட்டு விழுந்தது பாலுக்கு. அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். வயிறு பாலிலேயே நிறைந்தால் சோறு எங்கே இறங்கும், இரும்புச்சத்தும் குறையும் என்றார்.

அத்தையிடம் பாலைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

ஜூன் 11

தூக்கம் வரவில்லை. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணரைப் பற்றிப் படித்தேன். என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் வேலை. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் வேலை. அவருக்கு மாமியார் உண்டா என்று தெரியவில்லை.

2006இல் வந்த ஓர் ஆய்வும் கண்ணில் பட்டது. "சூப்பைக் குடிச்சு முடி" என்று சொல்லப்பட்ட பிள்ளைகள், சொல்லாமல் விட்டபோது குடித்ததைவிடக் குறைவாகத்தான் குடித்தார்களாம். குறையும் நிறையச் சொன்னார்களாம். இவளுக்கு இன்னும் குறை சொல்ல வராது. துப்பத்தான் வரும்.

ஜூன் 13

பிஸ்கட் டப்பாவை மேல் தட்டில் ஒளித்து வைத்தது தப்பு. காலையில் கண் விழித்ததும் முதலில் கை நீள்வது அங்கேதான்.

ஜூன் 16

அவள் மிச்சம் வைத்ததை வழித்துச் சாப்பிடுவது நான். சின்ன வயதில் "கடைசி வாயிலதான் சத்தே இருக்கு" என்று என் அம்மா கிண்ணத்தைத் துடைத்து ஊட்டுவாள்; வயிறு முட்டினாலும் முழுங்குவேன். இன்றுவரை தட்டில் ஒரு பருக்கை விட்டு எழுந்ததில்லை. எப்போது வயிறு நிறைந்தது என்று எனக்குத் தெரியாது, தட்டுக்குத்தான் தெரியும். நான் 78 கிலோ. ஒரே தட்டு: ஒருத்தி ஏறமாட்டேன் என்கிறாள், ஒருத்தி இறங்கமாட்டேன் என்கிறாள்.

ஜூன் 19

போன் இல்லை. தரையில் பாய், எல்லோருக்கும் தட்டு. அவள் பீன்ஸைப் பிசைந்து தலையில் தேய்த்துக்கொண்டாள். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் என் கையை என் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 20

மூன்று வாய். (எண்ணக்கூடாது.)

ஜூன் 24

சளி. ஒன்றும் தின்னவில்லை. யானையைப் போட்டுவிட்டேன். சரி, போட்டுவிட்டேன்.

ஜூன் 27

அத்தையின் தட்டிலிருந்து அவித்த ஏத்தம்பழத்தைத் தானே எடுத்துத் தின்றாள். அத்தை மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம்" என்று வாய் வரை வந்ததை முழுங்கியது எனக்குத் தெரிந்தது.

ஜூன் 30, திங்கள்

நாளை எடை. இரவு "தோச" என்று கேட்டாள். அரையைத் தின்றுவிட்டு, மீதியைக் கசக்கி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். எனக்கு வயிறு நிறைந்திருந்தது. வாயைத் திறக்கவில்லை. மோவாயைப் பிடித்துக்கொண்டு, "ஆ... ஒவ்வாய்" என்றாள், என் குரலிலேயே.