இருந்தால், இருந்தால்தான்

நவம்பர் 11

மழை பெய்தால் தரை நனையும். எல்லாத் தர்க்கப் புத்தகத்திலும் இதே மழைதான். நனைந்த தரையைப் பார்த்து மழை என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர் லாரி போயிருக்கலாம். காய்ந்த தரையைப் பார்த்து மழை இல்லை என்று சொல்லலாம். இப்படித் திருப்பி, இரண்டையும் மறுத்துச் சொல்வதுதான் கான்ட்ராபாசிட்டிவ். அப்பாவின் கெண்டைக்கால் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது.

நவம்பர் 12

டி-டைமர், ரத்தக்கட்டுக்காகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை, கூடுதல்.

நவம்பர் 12, இரவு

காலில் ரத்தம் கட்டியிருந்தால் டி-டைமர் கூடும். கூடியிருக்கிறது, அப்படியென்றால் கட்டியிருக்கிறது என்று சித்தப்பா போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார். விதியை அப்படியே தலைகீழாகத் திருப்பிய மறுதலையைப் பிடித்துத் தொங்குகிறார்! வயதானாலும் கூடும், தொற்று இருந்தாலும் கூடும். அப்பாவுக்கு 71 வயது, பாதத்தில் ஆறாத புண் வேறு. ஆபத்து குறைவான ஆளுக்கு அளவு குறைவாக வந்தால், ரத்தக்கட்டு இல்லை என்று விட்டுவிடலாம். அதற்குத்தான் அந்த டெஸ்ட். இருக்கிறது என்று அடித்துச் சொல்ல அதனால் ஆகாது. “நெருப்பில்லாமல் புகையுமாப்பா?” என்றார். புகையாது சித்தப்பா, ஆனால் டி-டைமர் புகை இல்லையே.

கூடியிருக்கிறதே. எவ்வளவு கூடினால் பயப்படணும்?

நவம்பர் 13

பாஸ் இருந்தால்தான் வார்டுக்குள் விடுவார்கள். பாஸ் இருந்தும் விடவில்லை, ரவுண்ட்ஸாம். வாட்ச்மேன் பேச்சில் ஓட்டை இல்லை; பாஸ் இருந்தால் விடுவேன் என்று அவர் சொல்லவே இல்லை.

படிக்கட்டில் உட்கார்ந்து அக்காவுக்குக் கணக்கு வைத்தேன். 1966இல் உளவியலாளர் பீட்டர் வேசன் போட்டது. எழுத்துகளை மட்டும் தமிழாக்கிக்கொண்டேன். நான்கு சீட்டு: அ, க, 4, 7. ஒரு பக்கம் உயிரெழுத்து என்றால் மறுபக்கம் இரட்டை எண். இது உண்மையா என்று பார்க்க எதையெல்லாம் திருப்பணும்? அ, 4 என்றாள். பலரும் சொல்வது இதுதான். 4-க்குப் பின்னால் எது இருந்தாலும் விதி உடையாது. 7-க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடைந்தது. முறைத்தாள். சரி, வார்டுக்குள் இருந்தால் பாஸ் வேண்டும், யார் யாரைச் சோதிப்பாய் என்றேன். “உள்ளே இருக்கிறவனையும் பாஸ் இல்லாதவனையும். இதுகூடத் தெரியாதா?” 1982இல் இதே கணக்கை, பீர் குடித்தால் அதற்கான வயது ஆகியிருக்கணும் என்று மாற்றிக் கேட்டபோதும் ஜனங்கள் இப்படித்தான் பட்டென்று சொன்னார்களாம்.

நவம்பர் 13, இரவு

சோறு இறங்கவில்லை.

நவம்பர் 14

டாப்ளர், கால் ரத்தக்குழாயைப் பார்க்கும் ஸ்கேன், மதியத்துக்குத் தள்ளிப் போய்விட்டது. வீக்கம் வடியாவிட்டால் அனுப்ப மாட்டேன் என்றார் டாக்டர். அனுப்பினால் வடிந்திருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். வடிந்தால் அனுப்புவேன் என்று எங்கே சொன்னார்? அம்மா அதற்குள் ஃபிளாஸ்க்கைக் கழுவிப் பையில் வைத்துவிட்டாள். நர்ஸ் டேப் வைத்து அளந்தார்: 38 சென்டிமீட்டர், மற்ற கால் 35. அப்பா அந்த நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கேட்கிறாள், இந்த மூன்று

ஸ்கேனுக்குக் கூப்பிடுகிறார்கள்.