வெளிநாட்டுப் படிப்பா, முதல்ல இதைப் பாருங்க

மலேசியாவுல எங்க ஊரு சுங்கை சிப்புட்ல எஸ்டிபிஎம் (ஆறாம் படிவப் பரீட்சை) முடிச்ச பிள்ளைங்க நிறைய பேர் இப்ப வெளிநாட்டுப் படிப்பு பத்திதான் கேக்குறாங்க, எனக்கு ரொம்ப சந்தோஷம். ரப்பர் பால் மரம் வெட்டி சேர்த்த இபிஎஃப் சேமநிதிக் காசோட ஸ்டேட்மென்ட மேசையில விரிச்சு வச்சுக்கிட்டு பக்கத்து வீட்டு அக்கா "மகளை டாக்டருக்கு அனுப்பலாமா தம்பி"ன்னு கேக்கறப்ப மனசு பதறுது. அக்கா, ஏஜென்ட் குடுக்குற புரோஷர் எல்லாம் அப்புறம், மலேசிய மருத்துவ மன்றத்தோட லிஸ்ட்ல அந்த யூனிவர்சிட்டி இருக்கான்னு முதல்ல பாருங்க, இல்லைன்னா இங்க வந்து தனியா பரீட்சை எழுதணும்.

இன்ஜினியரிங்னா வாஷிங்டன் அக்கார்ட்ல, அதாவது ஒரு நாட்டு இன்ஜினியரிங் டிகிரிய இன்னொரு நாடு ஏத்துக்குற ஒப்பந்தத்துல, வர்ற கோர்ஸா பாருங்க, மலேசியா 2009லயே அதுல சேர்ந்துடுச்சு. ஜெர்மனில பெரும்பாலான அரசு யூனிவர்சிட்டில ஃபீஸ் கிடையாது, ஆனா அங்க பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல நம்மள மாதிரி வெளிநாட்டுக்காரங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ, அதோட டிகிரி லெவல்ல முக்கால்வாசி ஜெர்மன் மொழிலதான் நடக்கும், அதனால இப்பவே மொழி கிளாஸ்ல சேர்ந்துடுங்க.