குடத்தின் மேல் ஓர் அடையாளம்

ஜனவரி 18, 2025, சனி

கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமிக்கு இன்று மாலை அண்ணன் மகளுடன் போயிருந்தேன். ஏழு இளம் ஓவியர்களின் கூட்டுக் கண்காட்சி நேற்றுத்தான் தொடங்கியிருக்கிறது. முப்பது ஆண்டுகளாக மெய்ப்புப் பார்த்தே பிழைப்பவளுக்குச் சுவரில் எழுத்து இருந்தால் அதைத் தாண்டிக் கண் நகராது என்பதால், வாயிலில் ஒட்டியிருந்த அறிமுகக் குறிப்பைத்தான் முதலில் படித்தேன். ஒரே பக்கத்துக்குள் ‘நினைவு’ ஒன்பது முறையும் ‘அடையாளம்’ ஆறு முறையும் வந்திருந்தன. ஓர் இடத்தில் ஒற்று மிகுந்திருந்தது, யாரிடமும் சொல்லவில்லை.

படங்களில் பாதிக்கு மேல் ஊரில் விட்டுவந்த வீட்டைப் பற்றியவை. திண்ணை, தேக்குத் தூண், ஊஞ்சல், முற்றத்து வெயில் எல்லாம் தேர்ந்த கைகளால் வரையப்பட்டிருந்தன. ஆனால் ஒருவருடைய தாத்தா வீடும் அடுத்தவருடைய தாத்தா வீடும் ஒரே வீடாகத் தெரிந்ததுதான் உறுத்தியது. எங்கள் தாத்தாவுக்குத் தூண் வைத்த வீடு இருந்ததில்லை. ஓட்டேரியில் வாடகைக்கு ஓர் அறையும், எட்டுக் குடித்தனங்களுக்குப் பொதுவாக ஒரு குழாயும் இருந்தன. எனக்கு நினைவு என்றால் அந்தக் குழாயடிதான்.

கடைசி அறையில் இருந்த படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டேன். ஐந்தடி அகலக் கேன்வாஸில், தண்ணீர் லாரிக்காகத் தெருவில் வரிசை போட்டு வைத்த பிளாஸ்டிக் குடங்கள். ஓர் ஆள்கூட இல்லை. தலைப்பு ‘2019 கோடை’ என்று மட்டுமே இருந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்த அந்த ஜூன் மாதத்தை இந்த ஊரில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அருகில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு குடத்தின் கழுத்திலும் ஏதோ ஒரு குறி இருக்கிறது: ஒன்றில் பெயிண்டால் போட்ட ஓர் எழுத்து, ஒன்றில் சூட்டுக்கோலால் இழுத்த கோடு, ஒன்றில் கட்டிய துணிக்கிழிசல், ஒன்றில் மூன்று சிவப்புப் புள்ளிகள். கடையில் வாங்கிய குடமெல்லாம் ஒரே நீலமாக இருக்கும்போது, யாருடையது எது என்று தெரிய வேறு வழி ஏது? குழாயடியில் நாங்கள் இதற்குச் சொன்ன சொல்லும் ‘அடையாளம்’தான். “குடத்துக்கு அடையாளம் போட்டியா?” என்று கேட்காமல் அம்மா என்னைத் தண்ணீருக்கு அனுப்பியதில்லை. வாயிலில் ஆறு முறை படித்தபோது ஒன்றும் சொல்லாத சொல், இங்கே எழுதப்படாமலே பொருள் தந்தது.

ஜனவரி 19, ஞாயிறு

நேற்றைய படத்தை நினைத்துக்கொண்டே ஈஞ்சம்பாக்கத்திலுள்ள சோழமண்டல ஓவியர் கிராமத்துக்குப் போனோம். அண்ணன் மகள் எழும்பூர் ஓவியக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய அந்தக் கல்லூரியில் 1957 முதல் பத்தாண்டுகள் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர்தான், 1966இல் தம் மாணவர்களையும் சக ஓவியர்களையும் சேர்த்துக்கொண்டு இந்தக் கடலோரக் கிராமத்தை உருவாக்கினார். படம் விற்றுப் பிழைக்க முடியாத காலம் என்பதால் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்கள் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கினார்கள். ஓவியம் சந்தைக்கு அஞ்சாமல் இருக்கட்டும் என்று கைவினையைச் சந்தைக்கு அனுப்பிய அந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும்.

பணிக்கர் 1963 வாக்கில் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசையை இவள் பாடமாகப் படித்திருக்கிறாள். நான் தொழில் பழக்கத்தால் அதை வாசிக்கவே முயன்றிருக்கிறேன். மலையாளம் போலத் தோன்றும் வரிகள், எண்கள், ஜாதகக் கட்டங்கள், நடுநடுவே பறவையோ மீனோ போன்ற உருவங்கள். எங்கே தொடங்கினாலும் ஒரு சொல்லும் பிடிபடாது; ஆனால் ஏட்டுச்சுவடியைப் புரட்டிய உணர்வு மட்டும் தங்கிவிடும். மேற்கிலிருந்து வந்த நவீனத்தை நம்முடையதாக்குவது எப்படி என்பது அந்தத் தலைமுறையின் கேள்வி. அதற்கு விடையாக அவர்கள் சுவடி, கோலம், பூசை யந்திரம், கோயில் சிற்பத்தின் கோடு என்று ஒரு நாட்டுக்கே பொதுவான அடையாளத்தைத் தேடினார்கள். இன்றைய பிள்ளைகள் தேடுவது அத்தனை பெரிதல்ல. ஒரு தெரு, ஓர் உடம்பு, ஒரு குடம். சிறிதாகிவிட்டது என்று நான் குறைப்படவில்லை. அந்தப் பொது அடையாளத்துக்குள் குழாயடி எங்கேயும் வரவில்லையே!

திரும்பும் பேருந்தில் இளையராஜாவைப் பற்றிப் பேச்சு வந்தது (இசையமைப்பாளர் அல்ல, ஓவியர், 2021 ஜூனில் கொரோனாவுக்குப் பலியானவர்). “அத்தை, அவர் படங்கள் ரொம்ப அழகாக இருக்கின்றன, அதுதான் குறை” என்றாள். கிராமத்துப் பெண்ணின் கருத்த தோளில் சன்னல் வெளிச்சம் விழுவதை அவ்வளவு பொறுமையாக வரைந்ததைக் குறை என்று என்னால் சொல்ல முடியவில்லை. கறுப்பை மாநிறமாக்கிக் காட்டிய காலண்டர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் அவரைப் பார்த்து வரைகிறவர்களிடம் வெளிச்சம் மட்டும் மிஞ்சி, அந்தப் பெண் காணாமல் போய்விடுகிறாள் என்றாள், அதை ஒப்புக்கொண்டேன்.

ஜனவரி 22, புதன்

ஒரு பாடநூலுக்கு இரண்டாம் மெய்ப்பு. இரவு பதினொன்று வரை வேலை.

ஜனவரி 24, வெள்ளி

கண்காட்சியின் கடைசி நாள். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தனியாகப் போனேன். ஊஞ்சல் படத்துக்கும் முற்றத்துப் படத்துக்கும் விற்றதற்கான சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தார்கள். குடங்களுக்கு இல்லை. வரவேற்பறையில் மாட்ட யாருக்கு மனம் வரும்?

வரைந்தவரே அங்கு இருந்தார். இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. “இதில் உங்கள் வீட்டுக் குடம் எது, தம்பி?” என்று கேட்டேன். மூன்று புள்ளிகளைக் காட்டினார். “அம்மா நகப்பாலிஷில் வைப்பாங்க, மேடம். அக்ரிலிக்கில் அந்த மினுமினுப்பு வரவே இல்லை. கடைசியில் அம்மாவிடமிருந்தே பாட்டிலை வாங்கி வைத்துவிட்டேன்.” மற்ற குறிகளைத் தெருவில் குடம் குடமாகப் பார்த்துக் குறித்துக்கொண்டாராம், ஒன்றுகூடக் கற்பனை இல்லை என்றார். சாய்ந்து நின்று பார்த்தபோது அந்த மூன்று புள்ளிகள் மட்டும் தனியாகப் பளபளத்தன. சனிக்கிழமை நேராக நின்று பார்த்ததில் இதைத் தவறவிட்டிருக்கிறேன்.

ஆறு மணிக்குப் படங்களை இறக்கத் தொடங்கினார்கள். பழைய செய்தித்தாளில் சுற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்ததும் எல்லாம் ஒன்றுபோல ஆகிவிட்டன. கூப்பிட்ட ஆட்டோவுக்குள் ஐந்தடிப் படம் நுழையவில்லை. வியாசர்பாடி வரை குட்டியானை வண்டிக்கு எவ்வளவு கேட்பார்கள் என்று அவர் கைப்பேசியில் விசாரித்துக்கொண்டிருந்தார். அது வரும்வரை படத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நானும் வாசலில் நின்றேன்.