பதினாறுக்கும் பதினெட்டுக்கும் இடையில்

மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது விளையாட்டுப் போட்டியைப் பற்றியோ பரிசளிப்பு விழாவைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பள்ளிக்கூடம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, அங்கே ஒருநாளும் படிக்காத ஒரு பிள்ளை.

மூன்றாம் ஆண்டில், இரண்டாம் தவணை தொடங்கி நாட்பட்ட பிறகுதான் நான் வந்து சேர்ந்தேன். இடாப்பில் என் பெயர் கடைசி, 34. ரீச்சர் காலையில் பெயரைக் கூப்பிடுவதில்லை, இலக்கத்தைத்தான் கூப்பிடுவா. பதினைந்து, பதினாறு, அடுத்தது பதினெட்டு. முதல் நாளே அது என் காதில் பட்டது. பதினேழு எங்கே? கொப்பிகளை மேசையில் அடுக்கப் போனபோது எட்டிப் பார்த்தேன். 17ஆம் வரியில் இருந்த பெயருக்கு மேல் அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடு கீறியிருந்தது. எழுத்துகளை வாசிக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு விலகிய பிள்ளை என்று இன்றைக்கு விளங்குகிறது. அன்றைக்கு விளங்கியது வேறு: என்னைப்போலவே ஒருவருடைய கண்ணிலும் படாத ஒரு பிள்ளை இந்த வகுப்பில் இருக்கிறாள். ஒரு கிழமைக்குள் அவள் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்துவிட்டாள்.

மூன்று பேர் இருக்கிற வாங்கு அது. அந்தக் கரையில் ஒரு பிள்ளை, இந்தக் கரையில் நான், நடுவில் பதினேழு. வேறு பெயர் வைக்கவில்லை. என் உயரம்தான் இருப்பாள். தலைமயிர் எந்த நேரமும் ஈரமாக இருக்கும். முகத்தை நேராகப் பார்த்த நினைவு இல்லை. பக்கத்தில் இருக்கிறவளை அப்படித்தானே பார்க்கலாம், கன்னமும் காதும்தான் தெரியும்.

அவள் நான் சொன்னபடி நடக்கிறவள் இல்லை. ஏழாம் வாய்ப்பாட்டில் எனக்குத் தடக்குகிற இடத்தில் அவளுக்கும் தடக்கும். நான் அழுதால் தேற்றுவாள் என்று பார்த்திருப்பேன், அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். சில நாள் கூப்பிட்டாலும் வரமாட்டாள். என்ன கோபம் என்று கேட்டால் பதில் இராது. அவளை நானே உண்டாக்கினேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எட்டு வயதில் அது தெரியாது என்று நினைக்கிற பெரியவர்கள் பிழையாக நினைக்கிறார்கள். தெரிந்துகொண்டேதான் அவளுடைய கோபத்துக்குப் பயந்தேன்.

உறவினர் ஒருவரிடம் ஒருமுறை அவளைப் பற்றிச் சொல்லப்போய், "இந்த வயசிலேயே பொய் சொல்லப் பழகுறாய்" என்று ஏச்சு வாங்கினேன். அந்தச் சொல் நெடுநாள் உள்ளே கிடந்து குத்தியது. அதனால் வகுப்பில் நான் கிசுகிசுத்துக்கொண்டிருந்ததை ரீச்சர் கண்டு, "ஆரோட கதைக்கிறீர்?" என்று கேட்டபோது கை கால் எல்லாம் குளிர்ந்துவிட்டது. சொன்னேன். ரீச்சர் வாங்கின் நடுவைப் பார்த்தா. பிறகு, "அவவுக்கு இருக்க இடம் காணுமோ? கொஞ்சம் தள்ளி இரும்" என்றா. அவ்வளவுதான். நான் தள்ளி இருந்தேன்.

அடுத்த நாள் இடாப்புக் கூப்பிடும்போது பதினாறுக்குப் பிறகு ரீச்சர் கொஞ்சம் நிறுத்தினா. ஒரு மூச்சு விடுகிற நேரம். பிறகு பதினெட்டு. அந்த நேரத்துக்குள் நான் வாய்க்குள் "வந்திட்டா ரீச்சர்" என்று சொல்லி முடிப்பேன். ஆண்டு முடியும் மட்டும் அந்த நிறுத்தம் இருந்தது.

கட்டுரைப் பாடத்தில் எனக்கு ஒன்றும் எழுத வராது. அதற்கும் ரீச்சர்தான் வழி காட்டினா: "உமக்குத் தெரியாத ஒண்டை அவவிட்டைக் கேட்டு எழுதிக்கொண்டு வாரும்." நான் பதினேழிடம் கேட்டேன், சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருப்பது எப்படி என்று. அவள் சொன்னதை அரைப் பக்கம் எழுதினேன். என்ன எழுதினேன் என்பது மறந்துபோயிற்று. ஆனால் கேட்டுவிட்டுப் பென்சிலோடு காத்திருந்தது இன்னும் மறக்கவில்லை. எழுதுவதென்றால் அப்படிக் காத்திருப்பதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

பதினேழு எப்போது போனாள் என்று சொல்லத் தெரியவில்லை. ஐந்தாம் ஆண்டில் அவள் இல்லை. விடைபெற்றதாக நினைவில்லை.

மறுபடி அவளை நினைத்தது உயர்தர வகுப்பில், நற்றிணை 172ஆம் பாட்டுப் படித்த அன்று. தலைவன் புன்னை மரத்து நிழலில் தலைவியைச் சந்திக்க வருகிறான். தோழி தடுக்கிறாள். சிறுமிகளாய் இருந்தபோது வெண்மணலில் ஒரு விதையை அழுத்தி விளையாடிவிட்டு மறந்துபோனார்கள். அது முளைத்தது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்தார்கள். உங்களைவிடச் சிறந்தது, இது உங்கள் தங்கை என்றாள் தாய். தங்கைக்கு முன்னால் உன்னோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது; நிழல் வேறு இடத்திலும் உண்டு. வகுப்பு சிரித்தது. தமிழ் படிப்பித்த சேர் சிரிப்பு அடங்கும்வரை இருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தத் தாய் பிள்ளையளுக்குப் பொய் சொன்னவவோ?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. நான் அன்று சொல்லாத பதிலை இப்போது சொல்கிறேன், சேர். இல்லை. அது மரம் என்பதைத் தோழியே சொல்கிறாள், விதையை மணலில் அழுத்திய கதையையும் அவள்தான் சொல்கிறாள். சொல்லிவிட்டு, அதே மூச்சில், வெட்கமாக இருக்கிறது என்கிறாள். மரம் என்ற அறிவும் தங்கை என்ற வெட்கமும் அவளுக்குள் ஒன்றையொன்று தள்ளாமல் இருக்கின்றன. பாடியவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பிள்ளை மனதை அவரளவுக்கு அறிந்தவர்கள் குறைவு. நிலாவைப் பிள்ளையோடு விளையாட வா என்று கெஞ்சி, வராவிட்டால் வெருட்டியும் பார்க்கிற பிள்ளைத்தமிழ்ப் புலவர்களும் எனக்கு அந்த வரிசையில்தான். கூப்பிட்டதும் வந்துவிடுகிற நிலாவைப் பாடுவதில் என்ன இருக்கிறது?

வெளிநாடு வந்தபின் கனடிய எழுத்தாளர் லூசி மோட் மொன்ற்கொமெரி தன் வாழ்க்கையைப் பற்றி 1917இல் எழுதியதை வாசித்தேன். சிறு வயதில் தாயை இழந்து, தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். வீட்டு அலுமாரியின் இரண்டு கண்ணாடிக் கதவுகளில் தெரிந்த தன் உருவங்களை அவர் இரண்டு ஆட்களாக்கிக்கொண்டார். இடப்பக்கத்தில் கேற்றி மோரிஸ், தன் வயதுச் சிறுமி, உயிர்த் தோழி. வலப்பக்கத்தில் லூசி கிரே, வளர்ந்த பெண், கணவனை இழந்தவள், எப்போதும் துயரக் கதை சொல்கிறவள். லூசியை அவருக்கு அவ்வளவு பிடிக்காது. ஆனாலும் மனம் நோகக்கூடாது என்று முறை தவறாமல் அவளிடமும் போவாராம். இதை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்துக் கொஞ்ச நேரம் இருந்தேன். பிடிக்காத ஒருத்தியை ஏன் ஒரு குழந்தை உண்டாக்க வேண்டும்? உண்டாக்கிய பிறகு ஏன் அவள் மனம் நோகும் என்று கவலைப்பட வேண்டும்? அந்தக் கேற்றி மோரிஸ்தான் 1908இல் வந்த அவருடைய நாவலில் அநாதைச் சிறுமி ஆனின் கண்ணாடித் தோழியாக வருகிறாள்.

ஒரிகன் பல்கலைக்கழகத்தின் மார்ஜரி டெய்லர் இத்தகைய பிள்ளைகளை நெடுங்காலம் ஆராய்ந்தவர். 2004இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், 100 பிள்ளைகளில் 65 வீதமானோர் ஏழு வயதுக்குள் ஏதோ ஒரு காலத்தில் கற்பனைத் துணை வைத்திருந்தார்கள். உயிர் கொடுத்து விளையாடிய பொம்மைகளும் இந்தக் கணக்கில் சேரும். சொல் கேளாத, சண்டை பிடிக்கிற துணைகளும் அவற்றில் உண்டு. ஆய்வாளர் கவனமாகக் குறிப்பெடுப்பதைக் கண்டு, இது சும்மா பாவனைதான் என்று அவருக்கே எடுத்துச் சொன்ன பிள்ளைகளும் உண்டு. கதை எழுதுகிற 50 பேரிடம் அவர் செய்த இன்னொரு ஆய்வில், தம் பாத்திரங்கள் தம்மை மீறித் தாமாக நடந்துகொள்வதாக உணர்ந்தவர்கள் 92 வீதம். யன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட பதினேழை நான் ஒருநாளும் நோயென்றோ பொய்யென்றோ நினைத்ததில்லை. ஆனாலும் அந்த வரிகளை வாசித்தபோது அழுதேன். என்னுடைய உறவினர் இப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் வாசித்துக் காட்டியிருப்பேன்.

போன வருட ஒன்றுகூடலில் வாங்கின் அந்தக் கரையில் இருந்தவளைக் கண்டேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. கையைப் பிடித்தபடி அவள் கேட்டாள்: "கனகாலமாக் கேக்கோணும் எண்டு இருந்தனான். எங்கட வாங்கில நடுவில ஆர் இருந்தது?"

எனக்குப் பேச்சு வரவில்லை.

"நீ அந்தப் பக்கம் திரும்பிக் கதைச்சுக்கொண்டிருப்பாய். நான் புத்தகப் பையைக்கூட அதில வைக்கிறேல்லை. அடுத்த வருசம் புதுசா வந்த பிள்ளை ஒண்டு இருக்கப் பாத்தது. அங்க ஆள் இருக்கு எண்டு சொல்லி முன்வாங்குக்கு அனுப்பினனான்."

பெயரைச் சொன்னேன். ரீச்சருக்குப் பிறகு இன்னொருவரிடம் அந்தப் பெயரைச் சொன்னது அன்றைக்குத்தான். அவள் கையை விடாமல் யோசித்தாள்.

"நான் பதினாறு," என்றாள். "நான் வந்திட்டன் எண்டு சொன்னாப்பிறகு ரீச்சர் ஏன் கொஞ்சம் நிப்பாட்டுறவ எண்டு ஒவ்வொரு நாளும் யோசிக்கிறனான்."